யாருடைய பண்பாட்டை மதிக்கச் சொல்கிறீர்கள்?

(பன்னாட்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும், வேலைக்குப் போகவிருக்கும் இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பன்னாட்டு வணிகத்தில் பண்பாட்டு வேறுபாடுகளைப் புரிந்துகொள்வது' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எம்.பி.ஏ. பாடப்புத்தகத்தில் நான்காவது அத்தியாயத்துக்கு வைக்கிற தலைப்பு மாதிரி இருக்கிறது. சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஐ.டி. நிறுவனத்திலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ வேலை பார்க்கிறீர்கள். மீதிப் பேர் அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களில் பலரை ஒருநாள் ஏ.சி. அறையில் உட்கார வைத்து 'பண்பாட்டுப் பயிற்சி' கொடுப்பார்கள். அந்த அறைக்குள் போவதற்கு முன் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பலாம் என்றுதான் வந்தேன். அந்தக் கேள்வியும் என்னுடையது இல்லை, என் அப்பாவுடையது.

13 ஆண்டுகளுக்கு முன்பு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல் இருக்கும், அது அப்பாவின் பெயர். அதையே விரித்து எழுதினேன். மின்னஞ்சல் முகவரியும் அப்படியே வந்தது. ஜெர்மனியில் இருந்த வாடிக்கையாளர் எழுதிய முதல் மின்னஞ்சலில் 'அன்புள்ள மிஸ்டர்' என்று தொடங்கி, அடுத்து என் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்.

விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சேரி எங்களுடையது. அப்பா கரும்பு வெட்டும் கூலி. ஊர்த்தெருவில் பத்து வயதுப் பையன்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவர் 'சொல்லுங்க சாமி' என்பார். அந்தப் பெயருக்கு முன்னால் முதன்முதலாக ஒரு மரியாதைச் சொல்லைப் போட்டவர், அவர் யாரென்றே தெரியாத ஒரு ஜெர்மானியர்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க ஊருல எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்களா?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன். "அப்ப சரி" என்று எழுந்து போய்விட்டார்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. காபி குடிக்கும் இடத்தில் மூத்த ஊழியர் ஒருவர் கேட்டார்: "இது அப்பா பேரு. உங்க ஃபுல் நேம் என்ன?" இதுதான் சார் முழுப்பெயர் என்றேன். "இல்ல, சர்நேம்?" இல்லை என்றேன். "சொந்த ஊர் எது?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?"

இரண்டு பேருமே என் பெயரில் தடுக்கியவர்கள்தான். ஜெர்மானியருக்கு நம் பெயர் வைக்கும் முறை தெரியாது. "தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, என்னை என் பெயரைச் சொல்லியே அழையுங்கள்" என்று ஒரு வரி எழுதினேன். மன்னிப்புக் கேட்டார், மாற்றிக்கொண்டார், முடிந்தது. காபிக்காரருக்கு நம் பெயர் முறை நன்றாகத் தெரியும். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் வால் இல்லாத நம் பெயர்கள். ஒட்டு இல்லாத இடத்தில் ஒட்டைத் தேடினார் அவர்.

முதலாவது பழக்கத்தில் உள்ள வேறுபாடு. இரண்டாவது படிநிலை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, 'பண்பாடு' என்று மேலே பெயர் எழுதி நம்மிடம் கொடுக்கிறார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

முதலில் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பண்பாட்டுப் பயிற்சி முழுவதுமே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. எட்வர்ட் டி. ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1950களில் வெளிநாடு போகும் அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தார். மொழி தெரிந்தும் ஏன் அவர்கள் போன இடத்தில் சொதப்புகிறார்கள் என்று யோசித்தவர் அவர். நேரம், இடைவெளி, மௌனம் இவையும் பேசுகின்றன என்று 1959இல் ஒரு புத்தகம் எழுதினார். சில சமூகங்களில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சில சமூகங்களில் பாதியைச் சூழலே சொல்லிவிடும் என்பது பின்னாளில் அவர் கொடுத்த விளக்கம். இன்றைக்கும் வேலைக்கு உதவுகிற விளக்கம் அது.

ஜப்பானிய நிறுவனத்தோடு வேலை செய்பவர்களுக்கு 'நெமாவாஷி' என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரு மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பக்குவமாகத் தோண்டி வைப்பதைக் குறிக்கும் சொல் அது. கூட்டத்தில் ஒரு முடிவை வைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். அது தெரியாமல் நேராகக் கூட்டத்தில் புது யோசனையைப் போட்டு உடைத்தால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதான். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்குவார்கள். நாமும் அப்படியே செய்தால் என்ன குறைந்துபோகிறது? அப்பாவின் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் அப்படித்தானா? ஆமாம், கொடுப்பவரும் இரண்டு கை, வாங்குபவரும் இரண்டு கை. அப்ப சரி.

ஜெர்மானியர்கள் முகத்துக்கு நேரே 'இது தப்பு' என்பார்கள், புண்பட வேண்டாம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் குழுவில் பலருக்கு அது பெரிய அதிர்ச்சி. எனக்கு அது விடுதலை மாதிரி இருந்தது. அந்த மனிதர் என் நிரலில் பிழை இருந்தால் நிரலைத்தான் திட்டினார். 'உங்க ஆளுங்களே இப்படித்தான்' என்று சொல்லவில்லை. பிழையைத் திருத்தி அனுப்பினால் 'இப்போது சரி' என்று ஒரு வரி வரும். நான் படித்த பள்ளியில் பிழை என்னோடு நிற்காது, என் தெரு வரைக்கும் போகும்.

அதே பயிற்சியில் இன்னொரு பாடம் இருந்தது. இந்தியர்களுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது, அது அவர்களது பண்பாடு என்று ஜெர்மானியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கும் அதையே சொன்னார்கள். இந்தப் பாடத்துக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஹெர்ட் ஹோஃப்ஸ்டெட் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சமூக உளவியலாளர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஊழியர் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். 1967 முதல் 1973 வரை பல நாடுகளின் ஐ.பி.எம். கிளைகளில் ஊழியர்களிடம் வாங்கிய 1,16,000க்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, 1980இல் புத்தகம் போட்டார். நாடுகளின் பண்பாட்டை எண்களாக அளந்த புத்தகம். இன்றைக்கும் உலகம் முழுக்க மேலாண்மைப் படிப்பில் அதுதான் அரிச்சுவடி. அதில் ஓர் அளவுகோல் 'அதிகார இடைவெளி'. அதாவது ஒரு சமூகத்தில் அதிகாரம் குறைந்தவர்கள், அதிகாரம் சமமில்லாமல் பங்கிடப்பட்டிருப்பதை எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறார்கள், ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது. ஆஸ்திரியாவுக்கு 11. அமெரிக்காவுக்கு 40. மலேசியாவுக்கு 104. இந்தியாவுக்கு 77.

எங்கள் பயிற்சியாளர் அந்த 77ஐத் திரையில் பெரிதாகக் காட்டி, "நாம் பெரியவர்களை மதிப்பவர்கள்" என்றார். எல்லாரும் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

தோழர்களே, அந்த வரையறையை இன்னொரு முறை பாருங்கள். அதிகாரம் குறைந்தவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். யாரைக் கேட்டார்கள்? 1970 வாக்கில் ஒரு பன்னாட்டுக் கணினி நிறுவனத்தின் இந்தியக் கிளையில் வேலைக்கு நுழைந்திருக்கக்கூடியவர்கள் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தனியார் துறைக்கு இடஒதுக்கீடு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. அந்த நாட்களில் வயலில் குனிந்திருந்தவரிடம் யாரும் கேள்வித்தாள் நீட்டவில்லை. கேட்டிருந்தால், 1968 டிசம்பரில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியில் போய்க் கேட்டிருந்தால், சமமின்மையை ஏற்றுக்கொள்கிறோம் என்றா பதில் வந்திருக்கும்?

ஒரே ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தின் பண்பாட்டை எப்படிச் சொல்ல முடியும் என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி போன்ற மேலாண்மைத் துறை அறிஞர்களே 2002இல் விரிவாகக் கேள்வி எழுப்பினார்கள். ஹோஃப்ஸ்டெட் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. சராசரி எடுத்தால் அப்படித்தான் ஆகும். சாமி என்று கூப்பிடுகிறவரையும் கூப்பிட வைக்கிறவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 'மரியாதைப் பண்பாடு' என்று விடை வரும்.

'முடியாது என்று சொல்ல வராது' என்பதற்கு வருகிறேன். என் அப்பாவுக்கு 'முடியாது' என்ற சொல் நன்றாகத் தெரியும். வீட்டில் தினமும் சொல்வார். பண்ணை வாசலில் சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்காது, அதனால் அங்கே சொல்ல மாட்டார். நானும் மேலாளரிடம் முடியாத தேதிக்கெல்லாம் 'சரி' என்று தலையாட்டியது அந்தக் கணக்கில்தான். விலை அதிகம் என்பதால் வாங்காமல் விட்ட சொல்லை, எங்கள் மொழியிலேயே இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

இது இந்தியாவுக்கு மட்டும் நடக்கிற அநியாயம் இல்லை. ஜெர்மனியைப் பற்றி எங்களுக்குக் காட்டிய ஸ்லைடில் நேரம் தவறாமை, திட்டமிடல், நேர்மை என்று போட்டிருந்தார்கள். 1961இல் ஒப்பந்தம் போட்டு துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குத் தொழிலாளர்களை அழைத்துப் போனதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. குன்டர் வால்ராஃப் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் துருக்கித் தொழிலாளியாக வேடமிட்டு வேலை செய்து, அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று 1985இல் எழுதிய புத்தகம் அந்த நாட்டையே உலுக்கியது. அதைப் படித்த பிறகுதான், அப்பாவிடம் நான் சொன்ன 'ஆமாம்' முழு உண்மை இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு நாட்டின் ஸ்லைடிலும் கீழே இருப்பவர்கள் விடுபட்டுத்தான் போகிறார்கள்.

சேர்ந்து இரண்டாவது ஆண்டு எங்களில் ஆறு பேரை மூன்று மாதத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஒருநாள் இரவு குழுவாகச் சாப்பிடப் போனோம். அந்த வாடிக்கையாளர், அதே மனிதர், உணவுப் பட்டியலை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தியர்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நானும் இன்று சாப்பிடப் போவதில்லை."

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். பயிற்சியில் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறார். நான் சொன்னேன்: "எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அதுதான். நீங்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் அதையே சாப்பிடுகிறேன்." அவர் ஆச்சரியப்பட்டார். "அப்படியானால் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது தப்பா?" என்று கேட்டார். "சொல்லிக் கொடுத்தவர்களுக்கு அது சரி" என்றேன். மேசையில் மற்ற ஐந்து பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சென்னையிலிருந்து மேலாளர் அழைத்தார். கோபமாகப் பேசவில்லை, அக்கறையாகத்தான் பேசினார். "க்ளையன்ட் முன்னாடி நம்ம கல்ச்சரைப் பத்தித் தப்பான இமேஜ் குடுக்காதீங்க." எல்லாருக்கும் மூன்று மாதம் ஆறு மாதமாக நீண்டது. எனக்கு நீளவில்லை. அந்த இரவுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. 'குழுவோடு பொருந்துவதில் முன்னேற வேண்டும்' என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள். பண்பாடு என்ற சொல் அலுவலகத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஜெர்மானியருக்கும் எனக்கும் நடுவில் இருந்த வேறுபாடு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. தீராத வேறுபாடு இந்தியர்கள் என்று ஒரே ஸ்லைடில் போட்ட ஆறு பேருக்குள்தான் இருந்தது.

'போகிற நாட்டின் பண்பாட்டை மதி' என்பது பன்னாட்டு வணிகத்தின் முதல் பாடம். அந்தப் பாடத்துக்கு வரலாற்றில் ஒரு பெரிய தேர்வு வந்தது. தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி. 16 வயதுக்கு மேற்பட்ட கறுப்பர் ஒவ்வொருவரும் எந்நேரமும் அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறை. அந்த நாட்டுச் சட்டத்தையும் வழக்கத்தையும் மதித்து நடக்கிறோம் என்பதுதான் அங்கே தொழில் நடத்திய வெளிநாட்டு நிறுவனங்களின் வழக்கமான பதில்.

1970இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு கறுப்பின ஊழியர்கள், கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்சும், தென்னாப்பிரிக்காவுக்கான அடையாள அட்டை மாதிரி ஒன்றை அலுவலகத்தில் பார்த்தார்கள். தாங்கள் உருவாக்கும் உடனடிப் படக்கருவி அங்கே கறுப்பர்களின் அடையாளப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பயன்படுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். துண்டறிக்கை போட்டார்கள், போராட்டம் நடத்தினார்கள், தங்கள் நிறுவனத்தின் பொருளையே புறக்கணிக்கச் சொன்னார்கள். ஹன்டருக்கு வேலை போனது. நிறுவனம் முதலில் அரசுக்கு விற்பதை நிறுத்தியதாகச் சொன்னது. ஆனால் அங்கிருந்த முகவர் மறைமுகமாக விற்றுக்கொண்டிருந்தது அம்பலமாகி, 1977இல் முழுவதுமாக வெளியேறியது.

அதே 1977இல் லியோன் சல்லிவன், ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினப் பாதிரியார், ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இருந்தவர், தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் அமெரிக்க நிறுவனங்களுக்குச் சில விதிகளை வகுத்தார். அதில் முதல் விதி என்ன தெரியுமா? சாப்பிடும் இடம், ஓய்விடம், வேலையிடம் எதிலும் இனப்பிரிவினை கூடாது. சாப்பிடும் இடம்தான் முதலில்! சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தியை எதிர்த்தவர்களின் வாரிசுகளான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1987இல், இந்த விதிகளால் மட்டும் நிறவெறியை அசைக்க முடியவில்லை, நிறுவனங்கள் வெளியேறட்டும் என்று அவரே சொன்னார். தான் வகுத்ததைத் தானே போதாது என்று சொல்லும் நேர்மையும் அவரிடம் இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் பண்பாட்டை யார் சரியாகப் புரிந்துகொண்டார்கள்? வழக்கத்தை மதிக்கிறோம் என்று சொன்ன நிறுவனங்களா, ஒரு அட்டையைப் பார்த்ததும் பதறிய இரண்டு ஊழியர்களா?

அங்கே நடந்தது நம் வீட்டு வாசலிலும் நடந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' இருந்ததே, நினைவிருக்கிறதா? திருமணம் ஆகாத இளம்பெண்களை, சிறுமிகளைக்கூட, மூன்று ஆண்டுக்கு வேலைக்கு எடுப்பார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. நடுவில் விட்டுப் போனால் அந்தத் தொகை கைக்கு வருவது சந்தேகம். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி, வெளியே போகக் கட்டுப்பாடு. அங்கே நூற்ற நூல் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் சட்டையாகத் தொங்கியது. வெளிநாட்டு வாங்குநர்கள் கேட்டால், "எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் பாதுகாப்பார்கள், பெற்றோரே அதைத்தான் விரும்புகிறார்கள்" என்று விளக்கம் வரும். பூட்டிய கேட்டுக்கும் பண்பாடு என்று பெயர் வைத்தார்கள். அப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். எல்லாருக்கும் அப்படித்தானா? முதலாளி வீட்டுப் பெண் அந்த விடுதியிலா தங்கினாள்? அங்கே அடைபட்டவர்களில் கணிசமானோர் தலித் வீட்டுப் பிள்ளைகள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்தப் பெண்ணின் சங்கமான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தலித் பெண்கள் முன்னின்று நடத்துவது. அந்தச் சங்கம் விடவில்லை. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து நின்று, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. ஆடை தயாரித்த நிறுவனமும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். போன்ற வாங்கும் நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் சேர்த்துப் பேசிய ஒப்பந்தம் அது. தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துத் தளத்தில் கண்காணிப்பாளர்களாக நிறுத்தினார்கள்.

என்னைக் கேட்டால், நான் அறிந்தவரை மிகச் சிறந்த பண்பாட்டுப் பயிற்சி அதுதான். ஸ்டாக்ஹோமிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கு இந்தியா என்றால் என்ன என்று தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பண்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமா, கீழே இருப்பவரிடம் கேள். மேலே இருப்பவர் தனக்கு வசதியானதைத்தான் சொல்வார்.

கடைசியாக ஒன்று. பண்பாடு ஏற்றுமதியும் ஆகிறது. 1916இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதியைப் பற்றி ஆய்வுரை வாசித்த 25 வயது அம்பேத்கர், இது எல்லை தாண்டி உலகச் சிக்கலாகும் என்ற எச்சரிக்கையை அப்போதே எடுத்துக் காட்டினார். 2020 ஜூனில், சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் ஆதிக்கச் சாதி மேலதிகாரிகளால் பாகுபாட்டுக்கு உள்ளானார் என்று கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. தனிநபர்கள் மீதான வழக்கை அந்தத் துறை 2023இல் திரும்பப் பெற்றது, நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், சாதி என்ற சொல் அமெரிக்க அலுவலகங்களில் உரக்கப் பேசப்பட்டது. ஆப்பிள், ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் பாகுபாட்டுக்கு எதிரான தங்கள் விதிகளில் சாதியைச் சேர்த்தன. அதே ஐ.பி.எம்.தான் தோழர்களே, 77 வந்த இடம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அந்த ஆண்டே கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் திருப்பி அனுப்பினார்.

இந்தச் சட்டங்களை எதிர்த்தவர்கள், இது எங்கள் சமூகத்தையும் பண்பாட்டையும் இழிவுபடுத்துகிறது என்றார்கள். வெள்ளைக்கார மேலாளர் தன் பெயரைத் தப்பாக உச்சரித்தால் பண்பாட்டு உணர்வு வேண்டும் என்று கேட்பவர், பக்கத்து இருக்கைக்காரரின் முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதைக் கேட்டால், அதுவும் பண்பாடு, தலையிடாதே என்கிறார். நிறவெறி கேடு என்பதில் அவரோடு நாமும் நிற்போம். அந்த அளவுகோலை அவர் தன் பக்கமும் திருப்ப வேண்டும்.

தோழர்களே, நீங்கள் வேலைக்குப் போங்கள். வெளிநாட்டுக்கும் போங்கள். ஜப்பானியர் குனிந்தால் குனியுங்கள், ஜெர்மனியில் ஐந்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள், அரபு நாட்டில் வேலைப் பேச்சுக்கு முன் தேநீரையும் நலம் விசாரிப்பையும் பொறுமையாக முடியுங்கள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். இந்தியாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஸ்லைடில் இருப்பதை ஒப்பிக்காதீர்கள். உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், உங்கள் தெரு ஊரின் எந்தப் பக்கம் இருக்கிறது, உங்கள் பெயருக்கு ஏன் வால் இல்லை என்று சொல்லுங்கள். அதுவும் இந்தியாதான். ஒருவேளை உங்கள் பயண நீட்டிப்பு நின்றுபோகலாம். அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் தனியாகச் சொல்லாதீர்கள், உங்களைப் போன்ற இன்னும் நான்கு பேரை முதலில் கண்டுபிடியுங்கள் என்றும் சொல்கிறேன். அந்த மேசையில் என்னோடு இன்னொருவர் பேசியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அந்த ஐந்து பேரில் ஒருவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அதுதானாம்.

எந்த நாட்டில், எந்த அலுவலகத்தில், யார் வந்து 'இது எங்கள் வழக்கம்' என்று சொன்னாலும், கரும்புக் காட்டிலிருந்து வந்த அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "எல்லாருக்கும் அப்படித்தானா?"